அவர் வாயால் ஒரு வார்த்தை

அந்தப் பனிமுகாமில் ஞாயிற்றுக்கிழமைக்கு இருந்த மரியாதை சாமிக்குக்கூடக் கிடையாது. வாரம் முழுக்கத் தாடியில் பனி கட்டி, மூக்குத் தோல் உரிந்து, ஒருத்தர் மூஞ்சியை ஒருத்தர் பார்க்கப் பிடிக்காமல் கிடக்கிற ஆட்கள், அன்றைக்கு மட்டும் வெந்நீரில் துணியை நனைத்து முகம் துடைத்துக்கொள்வார்கள். கேட்கப்போவது குரல் மட்டும்தான், மூஞ்சி எவருக்கும் தெரியப்போவதில்லை. இருந்தாலும் தலையை வாரிக்கொள்வார்கள். நாயக் தணிகைவேலும் வாரிக்கொள்வான். மகளிடம் பேசப்போகிற தகப்பன் பரட்டைத் தலையோடா போவான்?

முகாம் என்றதும் கொடிக்கம்பமும் அணிவகுப்பும் என்று நினைத்துக்கொள்ளாதீர்கள். எல்லைக்கோடு எங்கே என்று இரண்டு நாட்டுக்காரர்களுக்கும் சரியாகத் தெரியாத ஒரு மலையிடுக்கில் மூன்று ஃபைபர் குடிசைகள், ஒரு பீரங்கி, பன்னிரண்டு ஆட்கள். அவ்வளவுதான். உள்ளே மண்ணெண்ணெய் அடுப்பு இரவு பகலாக எரியும். அதன் கரி மூக்கிலும் எச்சிலிலும் சோற்றிலும் இருக்கும். குடிக்கிற தண்ணீருக்குப் பனியை வெட்டி உருக்க வேண்டும். முட்டையைச் சுவரில் அடித்தால் சுவர்தான் சேதாரமாகும். காவலுக்குப் போகிறவர்கள் ஒரே கயிற்றை எல்லோர் இடுப்பிலும் கட்டிக்கொண்டு வரிசையாகப் போவார்கள்; ஒருத்தன் பனிப்பிளவில் விழுந்தால் மற்றவர்கள் இழுத்துப் பிடிக்க வேண்டும். எதிரி சுட்டுச் செத்தவன் அந்த முகாமில் ஒருத்தனும் இல்லை. குளிர்தான் ஆட்களை விரல் விரலாக எடுத்துக்கொண்டிருந்தது.

இதையெல்லாம் பொறுத்துக்கொள்ளலாம், பழகிப்போகும். வீட்டில் என்ன நடக்கிறது என்று தெரியாமல் கிடப்பதுதான் எத்தனை வருஷமானாலும் பழகாது. தணிகைவேலுக்கு அந்தத் தவிப்பு மற்றவர்களைவிட ஒரு பங்கு கூடுதல்.

அவன் பள்ளிகொண்டா பக்கத்து ஆள். போன விடுப்பில் ஊரில் இருந்தபோது மகள் தாரகைக்கு ஓடினால் மூச்சு வாங்கியது, உதடு நீலம் பாய்ந்தது. டாக்டரிடம் காட்டப் போன இடத்தில், குழந்தையின் இதயத்தில் ஓட்டை என்றார்கள். “ஆபரேஷன் செய்தால் சரியாகிவிடும். இன்னும் ஒரு பரிசோதனை பாக்கி. அதைப் பார்த்துவிட்டு எப்போது என்று சொல்கிறேன்” என்றார் டாக்டர். அந்தப் பரிசோதனை வருவதற்குள் இவனுடைய விடுப்பு தீர்ந்துவிட்டது. நீட்டித்துக் கேட்டான். எல்லையில் பதற்றம், வா என்று சொல்லிவிட்டார்கள். டாக்டர் என்ன சொன்னார்? அந்த ஒரு பதிலுக்காகத்தான் அவன் அந்த மலையில் மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

சாதாரண போன் அங்கே எடுபடாது. எதிரி காற்று முழுக்க இரைச்சலை நிரப்பிவைத்திருந்தான். அதற்காகவே அந்த ஆண்டு புதிதாக ஒரு கருவியைக் கொண்டுவந்து வைத்தார்கள். வாயில் நுழையாத பெயர் ஒன்று அதற்கு உண்டு. ஆட்கள் அதைப் பேச்சுப்பெட்டி என்றார்கள். முகாமுக்கு மூத்தவர் சுபேதார் நஞ்சப்பன், கோபிச்செட்டிபாளையத்துக்காரர். முதல் நாளே எல்லோரையும் உட்காரவைத்துத் தனக்குத் தெரிந்த பாஷையில் விளக்கினார்.

“ரசப்பொடி தெரியுமில்ல? அந்தக் கதைதான். ஊட்டுல பேசறது முழுசா இங்க வந்து சேர வழியில்ல. அதனால அங்கிருக்கற மிஷின் பேச்சைப் பொடியாக்கி அனுப்பும். இங்கிருக்கறது அதுல வெந்நி ஊத்தி ரசமாக்கிக் குடுக்கும். குரலு அவங்க குரலு. சேதியும் அவங்க சொன்னதுதான். நடுவால இழுக்கறது, இருமறது, ‘அப்பறம்’ங்கறது, அது மட்டும் மிஷின் தானாப் போட்டுக்கும்.”

“நாங்க பேசறது, சாப்?” என்று தணிகைவேல் கேட்டான். பட்டாளத்தில் சுபேதாரை எல்லோரும் சாப் என்றுதான் கூப்பிடுவார்கள்.

“அதும் அப்படித்தானப்பா. போன வருசம் பூரா கீழ் முகாம்ல இருந்து நீங்க ஊட்டுக்குப் பேசுனதையெல்லாம் உங்க சம்மதத்தோட கேட்டுக் கேட்டுப் படிச்சு வெச்சிருக்குது. உங்க பொண்டாட்டியவிட அதுக்கு உங்களை நல்லாத் தெரியும்.”

எல்லோரும் சிரித்தார்கள். ஞாயிறுதோறும் ஒவ்வொருத்தராகப் போய், ஸ்டோர் மூலையில் போர்வையைத் தொங்கவிட்டு மறைத்த அந்த இடத்தில் உட்கார்ந்து பேசிவிட்டு வந்தார்கள். போகும்போது கல்யாண மாப்பிள்ளை, வரும்போது கண் சிவந்த பிள்ளை. அதைப் பற்றி யாரும் யாரையும் கேலி செய்ததில்லை.

முதல் சில வாரம் தணிகைவேலின் மனைவி ரேணுகா, டாக்டர் வெளியூர் போயிருக்கிறார், பரிசோதனைத் தேதி தள்ளிப்போயிற்று என்றே சொல்லிக்கொண்டிருந்தாள். நடுவில் பெரிய பனிச்சரிவு ஒன்று வந்து மலையே அதிர்ந்தது. அந்த ஞாயிறு பெட்டி ஊமையாகக் கிடந்தது. அடுத்த ஞாயிறு உயிர் வந்துவிட்டது. அன்றைக்குத்தான் அவன் காத்திருந்த சேதியும் வந்தது.

“ஏங்க, டாக்டரைப் பாத்தேங்க. ஆபரேசனே வேணாமாம். வளர வளர ஓட்டை தானா மூடிக்குமாம்.”

“இன்னா சொன்னாரு? இன்னொரு தபா சொல்லு.”

“தானா மூடிக்குமாங்க. சத்தான சாப்பாடு மட்டும் குடுக்கணுமாம். நீங்க ஒண்ணும் கவலைப்படாதீங்க, உடம்பப் பாத்துக்கோங்க.”

பிறகு தாரகை பேசினாள். “நைனா, நான் இன்னிக்கு ஓடினேனே! மூச்சே வாங்கல!”

தணிகைவேல் போர்வையை விலக்கிக்கொண்டு வெளியே வந்தபோது கால் தரையில் பாவவில்லை. ஒளித்துவைத்திருந்த அன்னாசிப்பழ டின்களை உடைத்துப் பன்னிரண்டு பேருக்கும் பங்கு வைத்தான். பனியில் உறைந்த அன்னாசி பல்லை உடைத்தது. அதை உறிஞ்சிக்கொண்டே அவன் ஊர்ச் சாமி பேர்களையெல்லாம் ஒன்று விடாமல் சொல்லி அழுதான். அதற்குப் பிறகு அந்தக் குளிர்காலம் அவனுக்குக் குளிரவே இல்லை என்று சொல்லலாம்.

அந்தச் சந்தோஷத்தில் மண்ணைப் போட வந்தவன் லான்ஸ் நாயக் ஜெரோம். குலசேகரத்துக்காரன். அவன் படுக்கையும் தணிகைவேல் படுக்கையும் ஒட்டியே இருக்கும். ஒருநாள் இருவரும் அடுப்படியில் உட்கார்ந்து பனி உருக்கிக்கொண்டிருந்தபோது மெதுவாக ஆரம்பித்தான்.

“மக்கா, ஒரு காரியம் கேக்கட்டா? ஒன் பொண்டாட்டி ஒன்ன ஏசி எத்தன நாளாச்சு?”

“எதுக்குடா ஏசணும்?”

“அதுக்கில்லலே. எங்கம்மை என்னை ஏசாம போனை வச்சதே கெடையாது. இப்பம் என்னடான்னா ‘சாப்பிட்டியா மோனே, போத்திக்கோ மோனே’ன்னு ஒரே தேனா ஊத்துகா. போன வாரம் வேணும்னே, ‘எம்மா, நான் குடிச்சிட்டுத்தான் பேசுதேன்’னு சொன்னேன். என்ன சொன்னா தெரியுமா? ‘குளிருக்கு நல்லதுதான் மோனே’ன்னா! எங்கம்மையா இது? தொறப்பையத் தூக்கிட்டு மலையேறி வந்திருக்க வேண்டாமா?”

“வயசாவுது. பாசம் கூடியிருக்கும்.”

“நீயும் ஒருக்கா சோதிச்சுப் பாரேன். பெட்டிக்குத் தெரியாத எதையாவது கேளு.”

“வாயைக் கழுவு ஜெரோம்.” தணிகைவேல் பாத்திரத்தைத் தட்டென்று வைத்துவிட்டு எழுந்தான். “உனக்கு உங்கம்மா திட்டலன்னு கவலை. எனக்கு எம் பொண்ணு உசுரு. அதுல வெளையாடாதே.”

ஜெரோம் அதற்குப் பிறகு அந்தப் பேச்சை எடுக்கவில்லை. தணிகைவேலுக்கும் உள்ளுக்குள் ஒரு முள் குத்திக்கொண்டுதான் இருந்தது; இல்லை என்று சொன்னால் பொய். ரேணுகா அவ்வளவு நிதானமாகப் பேசுகிற பெண் இல்லை. ஆனால் நல்ல சேதியை எவனாவது கிள்ளிப் பார்ப்பானா? இவனும் கிள்ளவில்லை. ஞாயிறு ஞாயிறாகத் தலையை வாரிக்கொண்டு போனான், கேட்டான், சிரித்துக்கொண்டே வந்தான்.

பனி இளகியது. வானம் வெளுத்த முதல் நாளே ஹெலிகாப்டர் வந்துவிட்டது. சாமான்களோடு ஒரு புதுச் சமையல்காரனையும் இறக்கிவிட்டது. பெயர் முனிரத்தினம். தணிகைவேலுக்கு அடுத்த ஊர்க்காரன், தெரிந்தவன். இறக்கையின் காற்றில் பனி பறக்க, தணிகைவேல் இரண்டு எட்டில் ஓடினான். ஊர் முகத்தைப் பார்த்து எத்தனை மாதம் ஆயிற்று!

“வாடா முனி! எப்ப லீவு முடிஞ்சுது?” என்று கையை நீட்டினான்.

முனிரத்தினம் சிரிக்கவில்லை. நீட்டிய கையைத் தன் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு தலையைக் குனிந்து நின்றான். சாவு வீட்டில்தான் அப்படிக் கை பிடிப்பார்கள்.

“மனசைத் தேத்திக்கோங்கண்ணா. நான் அப்ப ஊர்லதான் இருந்தேன். வந்தேன். மாலை போட்டேன்.”

“யாருக்குடா?”

முனிரத்தினம் நிமிர்ந்து பார்த்தான். துக்கத்தில் அண்ணனுக்குப் புத்தி தடுமாறிவிட்டது போலிருக்கிறது என்று அவன் நினைத்திருக்க வேண்டும். தோளில் கைவைத்து, குழந்தைக்குச் சொல்வதுபோல நிறுத்தி நிறுத்திச் சொன்னான். “பாப்பாவுக்குத்தாண்ணா. நம்ம தாரகைக்கு. இன்னாண்ணா இப்பிடிக் கேக்கறீங்க? நீங்கதான் போன்ல பேசினீங்களே.”

“நான் பேசினேனா?”

“ஸ்பீக்கர்ல போட்டாங்கண்ணா. ஊரே கேட்டுச்சு. நீங்க வர்ற வரைக்கும் பாப்பாவை வெச்சிருக்கறதா, எடுத்துடறதான்னு பெரியவங்களுக்குள்ள பேச்சு வந்துச்சு. அப்பதான் அண்ணி அவசரம்னு சொல்லி உங்களுக்குப் போன் போட்டாங்க. ‘எனக்காக வெச்சிருக்காதீங்க, நடக்க வேண்டியதை நடத்துங்க’ன்னு சொன்னீங்க. கொரல்ல ஒரு நடுக்கம் இல்ல. மிலிட்டரிக்காரன்னா இவன்தான்டான்னு எல்லாரும் சொல்லி அழுதாங்க.”

“எப்போ?”

“பொங்கல் கழிச்சுண்ணா.”

தணிகைவேல் அப்படியே பனியில் உட்கார்ந்தான். பொங்கல் போய் எவ்வளவு காலம் ஆயிற்று. போன ஞாயிற்றுக்கிழமைகூட அவள் பேசினாளே. முன்பல் விழுந்துவிட்டது நைனா, கூரை மேலே எறிந்தேன் என்று சொன்னாளே. பொக்கை வாயில் காற்று உஸ்ஸென்று போனது இவன் காதில் விழுந்ததே. இல்லாத குழந்தைக்கு எந்தப் பல் விழுந்தது?

அவன் எழுந்தபோது கையில் பனிவெட்டுக் கோடாரி இருந்தது. எங்கிருந்து எடுத்தான் என்று அவனுக்கே தெரியாது. ஜெரோம் பின்னாலேயே ஓடினான். போர்வையைக் கிழித்துக்கொண்டு தணிகைவேல் ஸ்டோருக்குள் நுழைந்தபோது, பெட்டிக்குப் பக்கத்தில் சுபேதார் நஞ்சப்பன் உட்கார்ந்திருந்தார். ஹெலிகாப்டரில் வந்த ஏதோ ஒரு கருவியை அதோடு இணைத்துக்கொண்டிருந்தார். கோடாரியைப் பார்த்தார். முகத்தைப் பார்த்தார். அவருக்குப் புரிந்துவிட்டது.

“புதுப் பையன் உங்க ஊர்ப் பக்கம்னு எவனும் எங்கிட்டச் சொல்லலியே” என்றார் முனகலாக. “உன்னைக் கீழ இறக்கி, டாக்டரைப் பக்கத்துல வெச்சுத்தான் சொல்லோணும்னு உத்தரவு. எனக்கே இப்பத்தான் பைலட் சொல்லித் தெரியும்.”

“எம் பொண்ணு செத்துட்டாளா, சாப்?”

“ஆமாப்பா.”

“அப்போ இதுல பேசினது யாரு?”

நஞ்சப்பன் கோடாரியைத் தடுக்கவில்லை. நகர்ந்து வழிவிட்டார். “ஒடைக்கறதுன்னா ஒடை. ஆனா கேட்டுப்போட்டு ஒடை. அந்தப் பனிச்சரிவு வந்துச்சே, அன்னிக்கே நடு மலைக் கோபுரம் சாஞ்சு போச்சு. அப்பறம் அங்கிருந்து ஒரு சிட்டிகைப் பொடி வரலை. இங்கிருந்தும் போகலை. நாம குளிர்காலம் பூரா வெறும் வெந்நியத்தான் குடிச்சுட்டு இருந்தோம்.”

“உங்களுக்குத் தெரியுமா?”

“தெரியும். பட்டாளத்து ரேடியோவுல நாலு வரி வந்துச்சு. கோபுரத்தைச் சரிபண்ண ஆறு மாசம் ஆகும், அதுவரைக்கும் பேச்சு நிக்கக் கூடாது, ஆளுகளுக்குத் தெரியக் கூடாதுன்னு. ஒருத்தன் மனசு ஒடஞ்சு போனா அவனோட கயித்துல கட்டியிருக்கறவனும் சேர்ந்து போவான்னாங்க. எனக்கு அது நாயமாத்தான் பட்டுச்சு. நானும் ஞாயித்துக்கிழமை இங்க வந்து உக்காந்து எம் பொண்டாட்டிகிட்டப் பேசுவேன். அங்க பேசறது அவ இல்லைன்னு தெரிஞ்சே பேசுவேன். பேசாம இருக்க முடியலப்பா.”

ஜெரோம் வாயைப் பொத்திக்கொண்டு சுவரில் சாய்ந்தான். தணிகைவேல் கோடாரியைத் தரையில் ஊன்றிக்கொண்டான்.

“இங்க சரி. அங்க எங்க ஊர்ல நான் பேசினேனாமே. அது?”

“அந்தப் பக்கமும் இதே கதைதான். மூணு மாசம் புருசன்கிட்டருந்து சத்தம் இல்லைன்னா பொம்பளைங்க தெருவுக்கு வந்துருவாங்க, பத்திரிகைக்காரன் வந்துருவான். அதனால அங்கிருக்கற மிஷின் உங்க பன்னெண்டு பேராவும் பேசிட்டு இருந்துச்சு. அங்க பேசுனதெல்லாம் இன்னிக்கு இதுல வந்திருக்குது. கீழ எறங்கறதுக்கு முன்னால நீங்க ஒவ்வொருத்தரும் என்ன பேசியிருக்கீங்கன்னு உங்களுக்குத் தெரியோணுமில்ல. இல்லாட்டி ஊருக்குப் போயி முழிப்பீங்கன்னு அனுப்பியிருக்காங்க.”

“போடுங்க” என்றான் தணிகைவேல்.

“வேண்டாம்ப்பா. அப்பறமாக் கேளு.”

“போடுங்க சாப்.”

முதலில் வந்தது ரேணுகாவின் குரல். அசல் ரேணுகா. இரண்டு சொல் கேட்டதுமே தெரிந்தது. மூக்கை உறிஞ்சுகிறாள், சொல்லைப் பாதியில் விழுங்குகிறாள், பின்னால் குக்கர் கத்துகிறது. இத்தனை மாதம் தேனாகப் பேசியதைப் போய் இவளென்று நம்பினோமே என்று அவனுக்குத் தன் மேலேயே அருவருப்பாக இருந்தது.

“ஏங்க, டாக்டர் இந்த மாசமே செஞ்சாவணும்ட்டாருங்க. தள்ளவே கூடாதாம். உங்கண்ணன் இன்னாடான்னா, பெத்தவன் இல்லாம புள்ள நெஞ்சுல கத்தி வெக்காதேன்றாரு. எனக்கு ஒண்ணும் புரியல. நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்க. உங்க வாயால செய்யின்னு சொல்லிட்டா, நான் எவன் பேச்சையும் கேக்கமாட்டேன், இட்டுகினு போயிடுவேன்.”

பிறகு ஒரு செருமல். அது இவனுடைய செருமல். பிறகு இவனுடைய குரல்.

“ஒண்ணும் பயப்படாதே ரேணு. எதுக்கு அவசரப்படறே? நான் லீவுல வந்துகினேதானே இருக்கேன். வந்து பாத்துக்கலாம்.”

அவ்வளவுதான். தணிகைவேல் அதில் பொய்யைத் தேடினான். இது என் குரல் இல்லை, நான் இப்படிப் பேசமாட்டேன் என்று கத்துவதற்கு ஒரு இடம் கிடைக்காதா என்று தேடினான். கிடைக்கவில்லை. வீட்டுச் சுவர் விரிந்தபோது அவன் அதைத்தான் சொன்னான். அண்ணனோடு வரப்புத் தகராறு வந்தபோது அதைத்தான் சொன்னான். பல்வலியில் அவள் ஒரு வாரம் சோறு தின்னாமல் கிடந்தபோதுகூட, வந்து பாத்துக்கலாம். இங்கிருந்துகொண்டு வேறு எதைச் சொல்வது? கையாலாகாதவன் வாயில் வருகிற சொல் அது ஒன்றுதான்.

“லேய், நம்ம எல்லாரும் அதத்தானேடே சொல்லுவோம்” என்றான் ஜெரோம், அழுகையோடு.

“பன்னெண்டு பேரு பேச்சையும் படிச்சுப் பாத்துச்சு” என்றார் நஞ்சப்பன். “பன்னெண்டு பேரும் அதிகமாச் சொல்றது அதுதான். அது பொய் சொல்லலைப்பா. உன்னையாட்டவே பேசுச்சு.”

“மக உசுரு போவுதுன்னா, ஒரு தகப்பன் அப்படிச் சொல்லுவானா, சாப்?”

“உசுரு போகுதுன்னு அதுக்கெப்படித் தெரியும்?”

கோடாரி தணிகைவேலின் கையிலிருந்து நழுவித் தரையில் விழுந்தது. நஞ்சப்பன் அதை எடுத்து ஓரமாக வைத்தார். பிறகு ஹெலிகாப்டரிலிருந்து இறங்கிய கறுப்பு போனைத் தூக்கி அவன் மடியில் வைத்தார்.

“இது நேர் லைன். சாட்டிலைட்டு. அவசரத்துக்குன்னு குடுத்தது, ஆபீசர் மட்டும் தொடலாம். நடுவால மிஷின் இல்ல. ஹெலிகாப்டர் உன்னை ஏத்திட்டுக் கெளம்பறதுக்குள்ள பேசிப்போடு. மிஷின் சமாச்சாரத்தை ஊட்டுல சொல்லக் கூடாதுன்னு சட்டம். நான் வெளிய போயி நிக்கறேன். எங்காதுல எதும் விழாது.”

அவரும் ஜெரோமும் வெளியே போனார்கள். தணிகைவேல் என்ன சொல்லப்போகிறான் என்று அவனுக்குத் தெளிவாகத் தெரிந்திருந்தது. அது நானில்லை ரேணு. என்னைக் கேட்டிருந்தால் அன்றைக்கே இட்டுகினு போ என்று சொல்லியிருப்பேன். சத்தியமாகச் சொல்லியிருப்பேன். என் குரலைத் திருடிக்கொண்டு ஒரு பெட்டி என் பெண்ணைக் கொன்றுவிட்டது. இதைச் சொல்லிவிட்டால் நெஞ்சு கொஞ்சமாவது ஆறும் என்று நினைத்தான். எண்களை அழுத்தினான்.

“ஹலோ.”

“ரேணு, நான்தான்.”

அந்தப் பக்கம் அடுப்பை அணைக்கிற சத்தம் கேட்டது.

“இன்னாங்க இந்நேரத்துல? இன்னிக்கு ஞாயித்துக்கெழமகூட இல்லியே.”

“ரேணு, ஒண்ணு சொல்லணும். அன்னிக்கு நீ ஆபரேசனைப் பத்திக் கேட்டப்ப...”

“அதையே நெனச்சுகினு கெடக்கறீங்களா?” அவள் வெடித்தாள். “விடுங்க. ஊர்ல இன்னா பேசறாங்க தெரியுமா? பெத்தவ ஒரு எட்டு ஆஸ்பத்திரிக்கு இட்டுகினு போயிருந்தா புள்ள பொழச்சிருக்கும், காசுக்குப் பாத்தாளா, கத்திக்குப் பயந்தாளான்னு எம் மூஞ்சிக்கு நேராவே கேக்கறாங்க. உங்கண்ணனே கேக்கறாரு, வேணாம்னு தடுத்த அந்த மனுசனே! நான் எல்லாருக்கும் ஒரே பதில்தான் சொல்லிகினு வரேன். எம் புருசனைக் கேட்டேன், அவரு வாயால வேணாம்னாரு, நான் அவரு பேச்சைக் கேட்டேன். அதைப் புடிச்சிகினுதாங்க நான் நின்னுகினு இருக்கேன். இல்லன்னா அவ போன அன்னிக்கே நானும் கெணத்துல எறங்கியிருப்பேன்.”

தணிகைவேல் போனைக் காதோடு அழுத்திக்கொண்டான்.

“நீங்கதானே சொன்னீங்க? ஏங்க, வாயத் தொறந்து சொல்லுங்க. நானா முடிவு பண்ணல இல்ல? நீங்க சொல்லித்தானே?”

அது நானில்லை என்று இப்போது சொன்னால் என்ன ஆகும்? ஒரு பெட்டியின் பேச்சைப் புருஷன் பேச்சென்று நம்பிப் பிள்ளையைப் பறிகொடுத்தவள் ஆவாள். சொந்தப் புருஷன் குரல் தெரியாதவள் ஆவாள். அவள் பிடித்துக்கொண்டிருக்கிற கயிற்றை இவனே அறுத்தவன் ஆவான்.

“ஆமா ரேணு,” என்றான். “நான்தான் சொன்னேன். உம் மேல ஒரு தப்பும் இல்ல. எவன் கேட்டாலும் என்னைக் கேக்கச் சொல்லு. கொன்னவன் நான்.”

“அப்படிச் சொல்லாதீங்க.” அவள் அழுதாள். அழுது மூக்கைச் சிந்தினாள். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டாள். “ஒண்ணு கேக்கணும்னு இருந்தேன். கேக்கட்டுமா?”

“கேளு.”

“கடைசி நாளு, பேச்சே வராம கெடந்தா இல்ல. நைனா பேசறாருன்னு போனை அவ காதுல வெச்சேன். நீங்க என்னமோ சொன்னீங்க. அவ சிரிச்சா. அந்த ஒடம்போட சிரிச்சாங்க. இன்னாடி சொன்னாருன்னு கேட்டேன். ரகசியம்னு தலைய ஆட்டிட்டா. அதுக்கப்புறம் கண்ணு தொறக்கல. அவகிட்ட இன்னாங்க சொன்னீங்க?”

வெளியே ஹெலிகாப்டரின் இறக்கை சுற்றத் தொடங்கியது. ஃபைபர் சுவர் அதிர்ந்தது. தணிகைவேல் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டான். அவன் மகள் இந்த உலகத்தில் கடைசியாகக் கேட்ட சொல் இவன் குரலில் இருந்தது. அது என்ன சொல் என்று இவனுக்குத் தெரியாது.

“பனி கொண்டாரேன்னு சொன்னேன்,” என்றான். குரல் நடுங்காமல் பார்த்துக்கொண்டான். “உருகிடுமே நைனான்னு நெனப்பா இல்ல? அதனால, பையில வெச்சா உருகிடும், வாயில வெச்சா கரைஞ்சிடும், ரெண்டு காதுலயும் அடைச்சிகினு வரேன்னு சொன்னேன். உங்கம்மாகிட்ட மட்டும் சொல்லிடாத, எனக்கு ஒதை விழும்டின்னு சொன்னேன்.”

அந்தப் பக்கம் சிரிப்பும் அழுகையும் கலந்து ஒரு சத்தம் வந்தது.

“உங்களுக்கு வேற வேலையே இல்ல” என்றாள் ரேணுகா. “இன்னொரு தபா சொல்லுங்க.”

அவன் இன்னொரு தடவை சொன்னான். இந்தத் தடவை கொஞ்சம் கூட்டியே சொன்னான். காதில் பனியோடு வருகிற நைனாவைப் பார்த்து நாய் குரைக்கும் என்றான். ரேணுகா ‘உம்’ கொட்டிக்கொண்டே கேட்டாள். நடுவில் எங்கேயோ லைன் அறுந்துபோயிற்று.

நஞ்சப்பன் உள்ளே வந்து போனை வாங்கி வைத்தார். அவர் காதில் எல்லாமே விழுந்திருந்தது. ஃபைபர் சுவருக்கு என்ன கனம் இருந்துவிடப் போகிறது. பேச்சுப்பெட்டியின் முன்னால் உட்கார்ந்து, தயங்கித் தயங்கிக் கேட்டார்.

“அந்தக் கடைசி நாளுப் பேச்சும் இதுல இருக்குதப்பா. அது நெசமா என்ன சொல்லுச்சுன்னு கேக்கறியா?”

தணிகைவேல் பெட்டியையே பார்த்துக்கொண்டு நின்றான்.

“வேணாம் சாப். அழிச்சிடுங்க,” என்றான். “நான் சொன்னதே இருக்கட்டும்.”